புதிய இடத்து ரோஸ் சஃபையரும் கத்திரிப்பூ சஃபையரும்: முதல் கல் வாங்குவதற்கு முன்

சஃபையருக்கு நீலக்கல் என்று பெயர் வைத்துவிட்டு அதில் ரோஸ் நிறமும் உண்டு என்றால், புதிதாக வருபவர் முழிக்கத்தான் செய்வார். ரகசியம் ஒன்றும் இல்லை. மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம். நம் ‘குருந்தம்’ என்ற சொல்தான் உலகம் முழுக்க ‘கொரண்டம்’ என்று வழங்குகிறது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் அது. சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. துளி குரோமியம் கலந்தால் ரோஸ் ஆகிறது, குரோமியம் கூடினால் மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். ரோஸைத் தரும் குரோமியமும் நீலத்தைத் தரும் ஜோடியும் ஒரே கல்லில் இருந்தால் கத்திரிப்பூ நிறம், அதாவது ஊதா. சிவப்பைத் தவிர மற்ற எல்லா நிறக் குருந்தத்துக்கும் சஃபையர் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ரோஸ் எங்கே முடிகிறது, மாணிக்கம் எங்கே தொடங்குகிறது என்பது பழைய சண்டை. விற்பவர் மாணிக்கம் என்பார், வாங்குபவர் ரோஸ் சஃபையர் என்பார், பரிசோதனைக் கூடங்களுக்குள்ளும் எல்லைக்கோடு கொஞ்சம் முன்னே பின்னே நகரும். அந்தச் சண்டையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

புதிதாகக் கண்டுபிடித்த இடத்துக் கல்லை வாங்கும்போது நாம் இரண்டு பொருளுக்குக் காசு கொடுக்கிறோம். ஒன்று கல், இன்னொன்று ஊர்ப்பெயர். கல்லை ஓரளவு வீட்டிலேயே சோதிக்கலாம். ஊர்ப்பெயருக்கு விற்பவர் வாயைத் தவிர வேறு ஆதாரம் பெரும்பாலும் இருக்காது. கீழே சொல்பவற்றில் பாதி அந்த இரண்டாவது பொருளைக் காப்பாற்றுவதற்கான வேலை.

முதலில் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தெற்கு மடகாஸ்கரில் இலகாகா என்று ஓர் ஊர். 1998-க்கு முன்பு சாலையோரத்தில் சில குடிசைகள்தான். அந்த ஆண்டு சரளை மண்ணில் கல் கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்து இறங்கியது. அங்கே எல்லா நிறமும் வரும்; ஆனால் ரோஸும் ஊதாவும் ஏராளம். இன்று சந்தையில் கிடைக்கும் இளஞ்சிவப்புக் கற்களில் பெரும் பங்கு மடகாஸ்கர் கல்தான்.

2016-இல் அதே தீவின் கிழக்குப் பக்கம், அம்பாட்டொன்ட்ராசகா ஊரை ஒட்டிய பெமாயின்ட்டியில் இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு. நல்ல நீலமும், ரோஸும், ஆரஞ்சு கலந்த ரோஸும் வந்தன. மழைக்காட்டுக்குள், பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியில் மக்கள் குழி தோண்டினார்கள். அந்த இடத்துக் கல்லை வாங்குவதா வேண்டாமா என்பது ஒவ்வொருவரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

கிரீன்லாந்தின் தென்மேற்கில் ஆப்பலுட்டோக் என்ற இடத்தில் 2017 முதல் முறையான சுரங்கம் நடந்தது. மாணிக்கமும் ரோஸ் சஃபையரும் அங்கே ஒரே பாறையில் கிடைக்கின்றன. அந்தப் பாறைக்கு வயது 250 கோடி ஆண்டுக்கும் மேல். வியட்நாமின் லுக் யென் பகுதிக் கல் 1980-களில் வெளியே வந்தது. வெள்ளைச் சலவைக்கல்லில் பதிந்த ரோஸ், ஊதாப் படிகங்கள். வடக்குப் பாகிஸ்தானில் பட்டகுண்டிப் பக்கத்திலும் சலவைக்கல்லோடு ஒட்டிய ரோஸ் முதல் ஊதா வரை வருகிறது.

இதில் ஒரு சிக்கல். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் கிழக்கு ஆப்பிரிக்காவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. அந்த நிலம் உருவாகும்போது ஏற்பட்ட அழுத்தத்திலும் சூட்டிலும் பிறந்தவைதான் இந்த நாடுகளின் பெரும்பாலான குருந்தங்கள். அண்ணன் தம்பி முகஜாடை ஒன்றாக இருப்பதுபோல இந்தக் கற்களின் ஜாடையும் ஒன்றாகவே இருக்கும். மடகாஸ்கர் கல்லை இலங்கைக் கல் என்று சொல்லி விற்பது சுலபம் என்பதற்குக் காரணம் இதுதான்.

புதிய செய்தி வந்ததும் ஓடாதீர்கள்

புது இடம் கிடைத்த செய்தி பரவிய சில வாரங்களில், அந்த இடத்துக் கல் என்று எல்லோர் கையிலும் ஒரு பொட்டலம் இருக்கும். அதில் பாதி பழைய சரக்காக இருக்கலாம், சில செயற்கைக் கல்லாகவும் இருக்கலாம். தீச்சுடரில் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் 1902-இல் வெளியிட்டார். அதே முறையில் ரோஸும் ஊதாவும் மலிவாகச் செய்கிறார்கள். அந்தக் கட்டியை உடைத்து, உருட்டித் தேய்த்து, மண்ணைப் பூசினால் ஆற்றுக்கல் போலவே இருக்கும். இவை சந்தைக்கு மட்டும் வருவதில்லை, குழி வாசலுக்கே வருகின்றன. ‘தோண்டியவரிடமே நேராக வாங்கினேன்’ என்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

என் அனுபவத்தில் ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருப்பது நல்லது. அதற்குள் பரிசோதனைக் கூடங்களின் ஆட்கள் அந்த இடத்துக்கே போய் மாதிரி எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்து எழுதியிருப்பார்கள். அவர்களிடம் ஒப்பிட மாதிரி இல்லாத வரை எந்தக் கூடத்தாலும் ‘இது புது இடத்துக் கல்’ என்று சொல்ல முடியாது. காத்திருந்தால் நல்ல கல் போய்விடுமே என்ற பதைப்பு வரும். போகட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கும் லூப், சின்ன வெள்ளை டார்ச், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், 0.01 கேரட் வரை காட்டும் தராசு, கல் பிடிக்கும் சாமணம். இவ்வளவு போதும். ஒரு கேரட் 0.2 கிராம். விலை உயர்ந்த கருவி எதுவும் முதல் வருடத்தில் வேண்டாம். புறஊதா டார்ச்சுக்கு மட்டும் அதற்குரிய கண்ணாடி அணியுங்கள், கண் விஷயம்.

நிறத்தை எங்கே பார்ப்பது

விற்பவர் மேசையில் எரியும் மஞ்சள் விளக்கு ரோஸ் கல்லுக்கு மேக்கப் போட்ட மாதிரி. அங்கே பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேர் வெயில் படாத நிழல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். ஊதாக் கல் என்றால் இரண்டு வெளிச்சத்திலும் பார்த்தே ஆக வேண்டும்: பகலில் நீலம் தூக்கலாகவும், குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்பு தூக்கலாகவும் தெரியும். சிலவற்றில் இந்த மாற்றம் நன்றாகவே தெரியும். சேகரிப்பவருக்கு அது இனிப்பு.

பட்டை தீட்டாத கல்லில் நிறம் ஒரு மூலையில் மட்டும் திரண்டிருக்கலாம். டார்ச்சை அடியிலிருந்து அடித்துப் பார்த்தால் கல் முழுக்க நிறம் பரவியது போலத் தோன்றும். அதனால் பக்கவாட்டிலும் அடித்துப் பாருங்கள்.

இது குருந்தம்தானா?

நான் தொடங்கிய காலத்தில் கத்திரிப்பூ நிறத்தில் ஐந்து கூழாங்கற்கள் வாங்கினேன். அதில் இரண்டு கார்னெட் என்ற வேறு கல். விற்றவருக்கும் தெரிந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். எடைக்கு எடை, நிறத்துக்கு நிறம் ஒன்றாகவே இருந்தன. அதைக் கண்டுபிடித்தது மடிக்கணினித் திரையில்.

எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. திரையைப் படுக்க வைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் மேல் கல்லை வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஊதா சஃபையர் என்றால் நீலம் சாய்ந்த ஊதாவும் சிவப்பு சாய்ந்த ஊதாவும் கால் சுற்றுக்கு ஒரு முறை மாறி மாறி வரும். ரோஸில் அடர்த்தி மட்டும் கூடிக் குறையும். கார்னெட்டும், இதே நிறங்களில் வரும் ஸ்பினெல் என்ற கல்லும் எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரே நிறத்தில்தான் இருக்கும். ஒரு பக்கம் வைத்து மாற்றம் தெரியாவிட்டால் கல்லைப் புரட்டிப் போட்டு மறுபடி பாருங்கள்; படிகத்தின் ஒரு திசையில் மட்டும் சஃபையரும் இப்படி ஒற்றை நிறம் காட்டும். கல்லுக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் துண்டு வைக்க மறக்காதீர்கள். குருந்தத்தின் கடினம் மோஸ் அளவில் 9. என் திரையில் இன்னும் ஒரு கீறல் இருக்கிறது.

அடுத்தது நீரில் எடை போடுவது. தராசின் தட்டைத் தொடாமல் சின்ன மேடை அமைத்து, அதன் மேல் தண்ணீர்க் குவளை. தட்டிலிருந்து எழும் கம்பிச் சட்டத்தில் ஒரு மெல்லிய கம்பிக் கூடை தொங்கித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். கூடையோடு தராசைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கல்லை உள்ளே வையுங்கள். தண்ணீரில் சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் குமிழி ஒட்டாது. என்னிடம் உள்ள ஒரு ரோஸ் கல் காற்றில் 8.46 கேரட், நீரில் 6.34. குறைந்தது 2.12. காற்றில் இருந்த எடையைக் குறைந்த எடையால் வகுத்தால் 3.99. குருந்தம் 4.00-ஐ ஒட்டியே வரும். ஸ்பினெல் 3.60, டூர்மலின் 3.06 அளவில், அமெதிஸ்ட் 2.65. ஊதாக் கார்னெட் மட்டும் 3.8-க்கு மேல் வந்து பக்கத்தில் நிற்கும், அதற்குத்தான் திரைச் சோதனை. ஒரு கேரட்டுக்குக் குறைந்த கல்லில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

இருட்டறையில் புறஊதா டார்ச் அடித்தால் ரோஸ் சஃபையர் சிவப்பாக ஒளிரும்; குரோமியத்தின் வேலை. ஊதாவில் இரும்பு கூடுதலாக இருந்தால் ஒளி மங்கிவிடும். செயற்கை ரோஸ் கல் தணல் மாதிரி எரியும். ஆனால் ஸ்பினெலும் சிவப்பாக ஒளிரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. உப்புத்தாளில் உரசிப் பார்ப்பது, பிளேடால் கீறுவது எல்லாம் வேண்டாம்.

கல்லுக்குள் பாருங்கள்

வைரத்துக்குக் குற்றம் சொல்ல வந்த நம் முன்னோர் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று பட்டியல் போட்டார்கள். நகைக்கு அது சரி. ஊர்வாரியாகச் சேகரிப்பவருக்கு அந்தக் குற்றங்கள்தான் கல்லின் முகவரி. கண்ணாடி போலத் துல்லியமான கல்லை வாங்கினால் அது எந்த ஊர் என்று சொல்ல உள்ளே ஒரு சாட்சியும் இருக்காது. சின்னதாக, கொஞ்சம் அழுக்காக உள்ள கல்லை விரும்பி வாங்குங்கள். விலையும் குறையும்.

இலகாகா ரோஸ் கல்லில் பொடிப் பொடியாக சிர்கான் படிகங்கள் கொத்தாக இருப்பதைப் பார்க்கலாம். பட்டு இழை போன்ற ரூட்டைல் ஊசிகள் மூன்று திசையில் 60 பாகைக் கோணத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடியிருந்தால் அது இயற்கைக் கல் என்பதற்கும் அதிகச் சூடு படவில்லை என்பதற்கும் நல்ல அறிகுறி. ஊசிகள் துண்டு துண்டாக, புள்ளி வரிசையாகத் தெரிந்தால் கல் உலையைப் பார்த்துவிட்டது. அதிகச் சூட்டில் சிர்கான் வெளுத்து, சுற்றிலும் தட்டு மாதிரி விரிசல் பளபளக்கும். தீச்சுடரில் செய்த கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடும் காற்றுக் குமிழியும் இருக்கும், ரோஸ் நிறத்தில் அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உள்ளே எதுவுமே இல்லாத, பெரிய, மலிவான ரோஸ் கல் வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சூடு, பெரிலியம், வெளுப்பு

ரோஸ் கல்லில் ஊதாச் சாயல் இருந்தால் 1000 டிகிரிக்கும் குறைந்த சூட்டில் வைத்து அந்த நீலத்தை எடுத்துவிடுவார்கள். தூய ரோஸ் மிஞ்சும். இது ஏமாற்று வேலை இல்லை, சொல்லி விற்றால். தொல்லை என்னவென்றால் இவ்வளவு குறைந்த சூட்டில் ரூட்டைல் ஊசியும் சிர்கானும் அப்படியே இருக்கும், லூப்பில் ஒன்றும் தெரியாது. அதனாலேயே எனக்கு ஊதாக் கல்லின் மேல் ஒரு தனிப் பிரியம்: சூடேற்றினால் ஊதா போய்விடும் என்பதால், ஊதாவாகவே இருக்கும் கல் உலைக்குப் போகாமல் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உறுதி இல்லை.

2001 கடைசியில் சந்தையில் திடீரென்று ஆரஞ்சு கலந்த கற்கள் குவிந்தன. 2002 தொடக்கத்தில் விஷயம் வெளிவந்தது: மடகாஸ்கர் ரோஸ் கற்களைப் பெரிலியத்தோடு சேர்த்து மிக உயர்ந்த சூட்டில் வைத்து நிறத்தை ஊட்டியிருந்தார்கள். அதைப் பிடிக்க லேசரால் துகள் எடுத்து அளக்கும் கருவி வேண்டும், வீட்டில் முடியாது.

வெளுப்பு விஷயம் எனக்கே நடந்தது. தாமரை நிறம் என்று ஆரஞ்சும் ரோஸும் கலந்த ஒரு கல்லை வாங்கினேன். பத்மராகம் என்ற சொல்லிலிருந்து வந்த பத்பராஜா என்ற பெயரும் கூடவே வந்தது, விலையும் அப்படியே. ஜன்னலோரத் தட்டில் வைத்துவிட்டு மறந்துபோனேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் தட்டில் ஒரு சாதாரண ரோஸ் கல். யாரோ மாற்றிவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன். உள்ளே இருந்த விரிசல் அதே விரிசல். பிறகுதான் படித்தேன், 2016 மடகாஸ்கர் கண்டுபிடிப்பில் வந்த இந்த வகைக் கற்களில் பலவும் இப்படித்தான் என்று. அந்த மஞ்சள் சாயல் நிலையானது இல்லை. பகல் வெளிச்சத்தில் போய்விடும், புறஊதா பட்டால் திரும்பி வரும்.

ஆகவே ஆரஞ்சோ மஞ்சளோ துளியாவது தெரியும் ரோஸ் கல்லைத் திருப்பித் தரும் ஏற்பாட்டோடு எடுத்துவந்து, முடிவு செய்யும் முன் இப்படிச் செய்யுங்கள். சாம்பல் நிற அட்டை மேல் வைத்து, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் படம் எடுங்கள். இரண்டு மூன்று வாரம் பகல் வெளிச்சத்தில் வைத்து மறுபடி அதே மாதிரி படம் எடுத்து ஒப்பிடுங்கள். புறஊதா டார்ச் அடித்தது உண்டென்றால் அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனை. அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் இந்த நிறத்துக் கல் வாங்காதீர்கள்.

பரிசோதனைக் கூடம் எப்போது?

எல்லாக் கல்லுக்கும் வேண்டாம். சான்றிதழுக்கு ஆகும் செலவு கல்லின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். தாண்டாவிட்டால் அனுப்புங்கள். ஜிஐஏ, குபெலின், எஸ்எஸ்இஎஃப் போன்றவை சூடு, பெரிலியம், ஊர் மூன்றையும் பார்க்கும். ஊர் பற்றிச் சான்றிதழ் சொல்வது ஒரு கருத்து. அதே கல்லுக்கு இரண்டு கூடங்கள் இரண்டு ஊர் சொன்னதும் உண்டு.

பாறையோடு வாங்கினால்

தாய்ப்பாறையோடு ஒட்டிய படிகம் தன் ஊரைத் தானே சொல்லும். எனக்குத் தனிக் கல்லைவிட அதுவே பிடிக்கும். ஆனால் சலவைக்கல்லில் குழி தோண்டி, வேறு படிகத்தைப் பசை போட்டு நட்டு வைப்பது சகஜம். புறஊதா டார்ச்சில் படிகத்தைச் சுற்றி நீல வெள்ளையாக வளையம் ஒளிர்ந்தால் பெரும்பாலும் பசை. லூப்பில் ஓரத்தைப் பாருங்கள்: இயற்கையில் சலவைக்கல் படிகத்தின் ஒவ்வொரு வரிப்பள்ளத்துக்குள்ளும் புகுந்து இறுக்கமாக இருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ போட்டுவிடாதீர்கள், சலவைக்கல் நுரைத்துக் கரைந்துவிடும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

நேரில் போய்த் தோண்டலாமா?

புதுக் குழிக்கு மட்டும் போகாதீர்கள். முட்டுக் கொடுக்காத குழிகள் சரிந்து ஆட்கள் சாகும் இடம் அது. உரிமம் இல்லாமல் தோண்டுவதும், அனுமதிச் சீட்டு இல்லாமல் கல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் ஏறக்குறைய எங்கும் குற்றம். சட்டமும் திடீரென மாறும்: மடகாஸ்கர் 2008-இல் ரத்தினக்கல் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. சலித்துப் பார்க்கும் ஆசை தீராவிட்டால், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் காசு வாங்கிக்கொண்டு வாளிக் கணக்கில் சரளை தரும் இடங்கள் உண்டு. சல்லடையைத் தண்ணீருக்குள் மேலும் கீழும் குலுக்கினால் கனமான கல் நடுவே அடியில் இறங்கும். பிறகு சல்லடையை ஒரே வீச்சில் கவிழ்த்தால் அடியில் இருந்தது மேலே வந்துவிடும். ரோஸும் ஊதாவும் அங்கே எப்போதாவதுதான்.

பொட்டலமும் எண்ணும்

ஒரு பொட்டலத்தில் ஒரு கல். சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று கீறும். பொட்டலத்தின் மேல் எண் மட்டும். மற்றதெல்லாம் நோட்டில், பென்சிலால். வாங்கிய தேதி, யாரிடம், எடை, நிழலில் நிறம், புறஊதாவில் என்ன ஆனது, படம். இதோடு பக்கத்தில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்தி: இடது பக்கம் ‘சொன்னது’, வலது பக்கம் ‘சோதித்தது’. விற்பவர் சொன்ன ஊர், ‘சூடு இல்லை’ என்ற பேச்சு எல்லாம் இடது பக்கம். நீங்களோ கூடமோ அளந்து பார்த்தது மட்டும் வலது பக்கம். வாங்கிய அன்றே எழுதிவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் இரண்டு பத்தியும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

என் நோட்டில் 7-ஆம் எண், 1.9 கேரட், கத்திரிப்பூ நிறம். சொன்னது: இலங்கை, சூடு இல்லை. சோதித்தது: மடகாஸ்கர், சூடு இல்லை. இடது பத்தியை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.